தாலிக்கு முன் கையெழுத்து: டர்பன் தமிழர் கல்யாணத்துக்கு ஆறு மாத ஆயத்தம்

என் அக்காவின் கல்யாண ஆல்பம் இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் நடுவில் மெல்லிய தாள் வைத்துக் கட்டிய பழைய காலத்து ஆல்பம் அது. நான்காம் பக்கத்தில் அத்தான் தாலி கட்டும் படமும், அதன் வலது மூலையில் ஒரு பேனா மைக் கறையும் இருக்கும். 2003-ஆம் ஆண்டில் அத்தான் உயில் எழுதாமல் காலமான பிறகு, டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் அவர் பெயரில் இருந்த வீட்டைத் தன் பெயருக்கு மாற்றுவதற்காக அக்கா ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, அங்கே மேசைமீது விரித்து வைத்த இடத்தில் பட்ட கறை அது. அவர்கள் திருமணச் சான்றிதழைக் கேட்டார்கள். அக்காவிடம் ஆல்பம்தான் இருந்தது. கோயிலில் மந்திரம் ஓதி, முந்நூறு பேர் அட்சதை போட்டு, அதன்பின் பதினான்கு ஆண்டுகள் குடும்பம் நடத்திய கல்யாணம் அந்த மேசையில் செல்லுபடியாகவில்லை. சடங்கை நடத்தியவர் அரசு நியமித்த திருமண அலுவலர் இல்லை என்பதும், ‘பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று அவர் அன்று சொன்னதை எங்கள் வீட்டில் யாருமே பிறகு பார்க்கவில்லை என்பதும் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அந்த நாளிலிருந்து, உறவிலும் கோயில் வட்டத்திலும் கல்யாணம் பேசி முடித்த வீடு எதுவானாலும், நான் முதலில் கேட்பது காகிதத்தைப் பற்றித்தான். நம்மவர்கள் மண்டபத்தை ஓராண்டுக்கு முன்பே பிடித்துவிடுகிறார்கள். கூறைப்புடவைக்காகச் சென்னைக்கே போய் வருகிறார்கள். ஆடி, புரட்டாசி, மார்கழி தவிர்த்து நாள் குறிக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு நாளில் மூன்று பெரிய முடிவுகள் சத்தமில்லாமல் எடுக்கப்பட்டுவிடுகின்றன: சட்டத்தின் கண்ணுக்கு நீங்கள் கணவன் மனைவியா, இனிமேல் யார் சொத்தும் யார் கடனும் யாருடையவை, ஒருவர் போய்விட்டால் மற்றவருக்கு என்ன மிஞ்சும் என்பவை. நீங்கள் வாய் திறக்காவிட்டால் இந்த மூன்றுக்கும் தென்னாப்பிரிக்கச் சட்டம் தானாகவே ஒரு விடை வைத்திருக்கிறது. அந்த விடை உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்ப்பதற்கு ஆறு மாதம் போதும். கடைசி வாரம் போதாது. நான் வழக்கறிஞர் இல்லை. வழக்கறிஞரிடம் போய் உட்காரும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: கல்யாணத்தை யார் பதிவு செய்கிறார்?

1961-ஆம் ஆண்டின் திருமணச் சட்டப்படி, இந்திய சமயச் சடங்குகளின்படி மணம் செய்துவைப்பவரும் அரசின் நியமனம் பெற்ற திருமண அலுவலராக இருக்கலாம். நியமனம் பெற்றவர் நடத்தி, பதிவேட்டில் இருவரும் இரு சாட்சிகளும் கையெழுத்திட்டால் கோயில் கல்யாணமே சட்டப்படியான கல்யாணம். நியமனம் பெறாதவர் நடத்தினால் அது சமயச் சடங்கு மட்டுமே. ஆகவே ஐயரிடம் நாள் கேட்கப் போகும் அன்றே, தயங்காமல், ‘நீங்கள் திருமண அலுவலரா, உங்கள் நியமனக் கடிதத்தைப் பார்க்கலாமா’ என்று கேட்டுவிடுங்கள். இதில் அவமரியாதை எதுவும் இல்லை. நியமனம் உள்ளவர்கள் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். இல்லையென்றால் சடங்கை அவரே நடத்தட்டும். பதிவுக்குத் தனியாக ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) அலுவலகத்தில் நாள் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிவு எங்கே நடக்கும் என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். வழிபாட்டுக்கான கட்டடம், அரசு அலுவலகம், குடியிருக்கும் வீடு ஆகியவற்றில் ஒன்றில், கதவு திறந்திருக்கும் நிலையில் நடக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. டர்பனில் பெரிய கல்யாணங்கள் மண்டபத்தில் நடப்பதால், பதிவேட்டில் கையெழுத்தைக் கோயிலிலா வீட்டிலா எங்கே வைத்துக்கொள்வது என்று திருமண அலுவலரே சொல்லட்டும்.

இந்தப் பதிவை வெறும் அலுவலகத் தொந்தரவு என்று நினைப்பவர்களிடம் நான் 1913-ஐ நினைவுபடுத்துவதுண்டு. அந்த ஆண்டு மார்ச்சில் கேப் நகர நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் அளித்த தீர்ப்பு, கிறித்தவ முறைப்படி நடவாத, பதிவாகாத கல்யாணங்களைச் செல்லாதவை ஆக்கியது. நம் பெண்கள் ஒரே நாளில் மனைவி என்ற நிலையை இழந்தார்கள். பெண்கள் காந்தியின் சத்தியாகிரகத்தில் இறங்கி மாகாண எல்லையைக் கடந்து சிறை சென்றதற்கு அந்தத் தீர்ப்பு பெரிய காரணம். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறையில் நோயுற்று, வெளியே வந்த சிறிது காலத்தில், 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு வயதில் இறந்தார். அதே ஆண்டில் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம், நம் சமய முறைப்படி நடக்கும் கல்யாணத்தைப் பதிவு செய்ய வழி திறந்தது. நாம் கையெழுத்திட மறக்கும் பதிவேடு அவர்கள் வாங்கிக் கொடுத்தது.

பதிவு இல்லாவிட்டாலும் நீதிமன்றம் காப்பாற்றும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். உயில் இல்லாமல் கணவர் இறந்த ஒரு வழக்கில், இந்து முறைப்படி மட்டுமே மணந்த மனைவியும் வாரிசுதான் என்று 2008-இல் டர்பன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. என் அக்காவுக்கு அது ஐந்து ஆண்டு தாமதமாக வந்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, இப்படிப்பட்ட ஒரு கல்யாணத்தை விவாகரத்துச் சட்டத்தின்கீழ் முறிக்க வந்த மனைவிக்கு அதே நீதிமன்றம் கதவைத் திறக்கவில்லை. ஒரு கையெழுத்து செய்து கொடுக்க வேண்டியதை வழக்கு நடத்திப் பெறும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

சொத்தும் கடனும்: இதற்குத்தான் அதிக நேரம் வேண்டும்

எந்த ஒப்பந்தமும் எழுதாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டால், நீங்கள் கூட்டுச் சொத்து முறையில் மணந்தவர்கள் ஆகிவிடுகிறீர்கள். இருவரிடமும் கல்யாணத்துக்கு முன்பு இருந்தவை, பின்பு வருபவை எல்லாம் ஒரே பானையில் விழும், ஆளுக்குப் பாதி. கேட்பதற்கு இதமாக இருக்கிறது, பல குடும்பங்களுக்குப் பொருத்தமாகவும் இருக்கிறது. வீட்டை விற்பதற்கோ, பிறருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதற்கோ மற்றவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்பது இதில் உள்ள பாதுகாப்பு. ஆனால் கடனும் அதே பானையில்தான் விழும். மணமகன் கல்யாணத்துக்கு முன்பு வாங்கிய கார் கடன், துணிக்கடைக் கணக்கு, கூட்டாளியை நம்பித் தொடங்கிய தொழிலின் பாக்கி எல்லாம் மணமகளுக்கும் உரியவை. ஒருவர் திவாலானால் இருவரும் திவால். சொந்தத் தொழில் செய்பவரை மணக்கும் எந்தப் பெண்ணும் ஆணும் இந்த ஒரு வரியை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வழி, திருமண முன் ஒப்பந்தம் எழுதித் தனிச்சொத்து முறையில் மணப்பது. இதிலும் இரண்டு வகை உண்டு. 1984 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள அக்ரூவல் முறையில், கல்யாணம் நீடிக்கும் வரை அவரவர் சொத்தும் கடனும் அவரவருடையவை. மரணத்தாலோ விவாகரத்தாலோ கல்யாணம் முடியும்போது, இருவரும் இடைப்பட்ட காலத்தில் அடைந்த வளர்ச்சியை ஒப்பிட்டு, அதிகம் வளர்ந்தவர் வித்தியாசத்தில் பாதியை மற்றவருக்குக் கொடுக்க வேண்டும். பரம்பரையாக வந்த சொத்தும் அன்பளிப்பும் இந்தக் கணக்கில் சேரா.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். கல்யாணத்தன்று அவரிடம் 2 லட்சம் ரேண்ட், அவளிடம் ஒன்றுமில்லை. முடிவில் அவரிடம் 18 லட்சம், அவளிடம் 6 லட்சம். அவர் வளர்ச்சி 16, அவள் வளர்ச்சி 6. வித்தியாசம் 10 லட்சம். அதில் பாதி, 5 லட்சம் ரேண்ட், அவளுக்கு. விலைவாசிக்கு ஏற்பத் தொடக்க மதிப்பைத் திருத்துவார்கள். அதை இங்கே விட்டுவிட்டேன். அவர் தம் தொடக்க மதிப்பான 2 லட்சத்தை எங்கும் எழுதிவைக்காமல் விட்டிருந்தால், வேறு சான்று காட்டாதவரை அது பூஜ்யம் என்றே கொள்ளப்படும். வளர்ச்சி 18 ஆகும். கொடுக்க வேண்டியது 6 லட்சமாகும். ஒரு வரியை மறந்ததன் விலை ஒரு லட்சம் ரேண்ட். தொடக்க மதிப்பை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். தவறினால் கல்யாணமாகி ஆறு மாதத்துக்குள் நோட்டரி (ஆவணங்களுக்குச் சான்றளிக்கும் தகுதி பெற்ற வழக்கறிஞர்) முன்னிலையில் தனி அறிக்கையாகக் கொடுக்கலாம்.

அக்ரூவலையும் விலக்கி முழுத் தனிச்சொத்தாக மணப்பது இன்னொரு வகை. அப்படி விலக்குவதை ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும். இருவருக்கும் நிலையான வருமானமும் சொத்தும் இருந்தால் மட்டும் இதை யோசியுங்கள் என்பது என் கருத்து. பிள்ளை வளர்ப்பதற்காக வேலையை விட்ட பெண் இருபது ஆண்டு கழித்து வெறுங்கையோடு நிற்பதற்கு இந்த வகை காரணமாகியிருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கும் சொத்தில் பங்கு வழங்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு என்று 2023 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் வழி திறந்தது. ஆனால் அதற்கும் வழக்காட வேண்டும்.

ஒப்பந்தம் நோட்டரி முன்னிலையில், சட்டப்படியான கல்யாணத்துக்கு முன்பு கையெழுத்தாக வேண்டும். கையெழுத்தான மூன்று மாதத்துக்குள் பத்திரப் பதிவகத்தில் பதிவாக வேண்டும். டர்பன் அடங்கிய குவாசுலு-நட்டால் மாகாணத்துக்கு அந்தப் பதிவகம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. வழக்கறிஞர்கள் எல்லோரும் நோட்டரி இல்லை என்பதால், நேரம் வாங்கும்போதே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இங்கேதான் இருக்கிறது. டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியைச் சேர்ந்த ஓர் இளம் இணையர், முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பு நோட்டரியிடம் நாள் வாங்கிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். நான் எதேச்சையாகப் பதிவு எப்போது என்று கேட்டேன். ‘அது போன மாதமே ஹோம் அஃபேர்ஸில் முடிந்துவிட்டது ஆன்ட்டி, கல்யாணத்தன்று கூட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டாமே என்றுதான்’ என்றாள் பெண். அவள் கையில் மருதாணி வடிவங்களின் தாள் இருந்தது. அவன் அழைப்பிதழ்களில் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். சட்டத்தின் கணக்கில் அவர்கள் போன மாதமே கூட்டுச் சொத்து முறையில் கணவன் மனைவி ஆகிவிட்டார்கள். இனி முறையை மாற்ற வேண்டுமானால் இருவரும் சேர்ந்து உயர் நீதிமன்றத்தில் மனுப்போட்டு, தக்க காரணம் காட்டி, கடன் கொடுத்தவர்களுக்கு அறிவித்து, அரசிதழிலும் செய்தித்தாள்களிலும் விளம்பரம் செய்ய வேண்டும். செலவு ஒப்பந்தத்தைப்போல் பல மடங்கு. ஒப்பந்தத்துக்கு நாள் குறிக்கும்போது தாலி கட்டும் தேதியைப் பார்க்காதீர்கள். பதிவேட்டில் கையெழுத்திடும் தேதியைப் பாருங்கள்.

மணமகன் தமிழ்நாட்டிலோ வேறு நாட்டிலோ நிலையாகக் குடியிருப்பவரானால் இன்னொரு சிக்கல் உண்டு. கல்யாணம் எங்கே நடந்தது என்பதைவிட, அந்நேரத்தில் மணமகனின் நிலையான குடியிருப்பு எந்நாடு என்பதை வைத்தே எந்நாட்டுச் சொத்துச் சட்டம் பொருந்தும் என்று இங்குள்ள நீதிமன்றங்கள் மரபாக முடிவுசெய்து வந்திருக்கின்றன. இப்படிப்பட்டவர்கள் நாலைந்து மாதம் முன்பாகவே வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது நல்லது.

அந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது

காகிதத்தைவிடக் கடினமானது பேச்சு. ‘இப்பவே பிரிவைப் பற்றிப் பேசுகிறாயா’ என்று ஒரு மாமியார் கேட்டுவிட்டால் போதும், பெண் வீட்டார் வாயடைத்துப் போவார்கள். அதனால் இந்தப் பேச்சைப் பெரியவர்கள் கூடும் நிச்சயதார்த்தத்தில் வைக்காதீர்கள். இருவர் மட்டும், ஒரு மாலை நேரத்தில், ஆளுக்கொரு தாளோடு உட்காருங்கள். கல்யாணம் வைக்காத ஆடி மாதம் இதற்கு மிகவும் ஏற்றது.

தாளில் எழுத வேண்டியவை: மாதச் சம்பளம், அதில் அம்மா அப்பாவுக்குக் கொடுப்பது, வீட்டின் பாண்டு (வீட்டுக் கடன்), கார் தவணை, கடைக் கணக்குகள், கடன் அட்டை, தம்பியின் படிப்புக்கு ஏற்றுக்கொண்ட பொறுப்பு, நண்பனுக்குப் போட்ட ஜாமீன். மஷோனிசாவிடம் (உரிமமில்லாத வட்டிக்காரரிடம்) வாங்கிய வட்டிக் கடன் இருந்தால் அதையும் எழுதுங்கள். சொல்லக் கூசும் கடன்தான் பிறகு குடும்பத்தைக் கூச வைக்கும். வாய்ச்சொல்லோடு நிறுத்தாமல், இருவரும் தத்தம் கடன் அறிக்கையைக் கொண்டு வாருங்கள். டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை அதை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். ஒருவர் மற்றவர்மீது வேவு பார்ப்பதாக ஆகிவிடக் கூடாது. இருவரும் ஒரே நேரத்தில் எடுத்துத் தாளை மாற்றிக்கொள்ளுங்கள். நான் கண்ட வரையில் கடன் இருந்ததால் முறிந்த பேச்சு ஒன்றுகூட இல்லை. மறைத்தது தெரிந்ததால் முறிந்தவை உண்டு.

அதே மாலையில், மாமியார் வீட்டில் இருப்பதா தனிக்குடித்தனமா, ஒருவர் வேலை ஆஸ்திரேலியாவிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ கிடைத்தால் மற்றவர் கூடப் போவாரா, பிள்ளை பிறந்தால் யார் வேலையைக் குறைப்பது ஆகியவற்றையும் பேசிவிடலாம். எச்ஐவி பரிசோதனையை இருவரும் சேர்ந்தே செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவ நிலையங்களில் அது இலவசம். நம் வீடுகளில் சர்க்கரை நோய் அதிகம் என்பதால் அதையும் பார்த்துவிடுங்கள்.

உறவில் கட்டுபவர்களுக்கு ஒரு சொல். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்துக்கு இந்நாட்டுச் சட்டத்தில் தடை இல்லை. அக்காள் மகளைத் தாய்மாமன் மணப்பதோ நம் வழக்கத்தில் முறையானாலும், இங்கே சட்டப்படி செல்லாது. எந்தத் திருமண அலுவலரும் அதைப் பதிவு செய்ய முடியாது.

உயிலும் ஓய்வூதிய நிதியும்

உயில் இல்லாமல் இறந்தால், மனைவியும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில், மனைவிக்கு ஒரு பிள்ளையின் பங்கு அல்லது 250,000 ரேண்ட், இவற்றில் எது அதிகமோ அது கிடைக்கும்; மீதி பிள்ளைகளுக்கு. தாய் தந்தையருக்கு ஒன்றும் இராது. இது உங்கள் விருப்பத்துக்கு ஒத்துவராவிட்டால் கல்யாணத்தோடு சேர்த்தே உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும். சாட்சிக்குப் பதினான்கு வயது நிறைந்திருந்தால் போதும். ஆனால் உயிலில் பயன்பெறுபவரும், அவருடைய கணவன் அல்லது மனைவியும் சாட்சியாகக் கையெழுத்திடக் கூடாது. இட்டால் அவர் பங்குக்கே ஆபத்து. அடிப்படை உயிலைக் கட்டணமின்றி எழுதிக் கொடுக்கும் தேசிய உயில் வாரம் ஆண்டுதோறும் நடக்கிறது. பங்கேற்கும் வழக்கறிஞர்களிடம் முன்கூட்டியே நேரம் வாங்கிவிடுங்கள்.

பெண்ணுக்கு வீட்டை எழுதிவைக்க நினைக்கும் பெற்றோர், ‘இச்சொத்து என் மகளின் கூட்டுச் சொத்தில் சேரக் கூடாது’ என்று தம் உயிலிலேயே ஒரு வாசகம் சேர்க்கலாம். மகள் கூட்டுச் சொத்து முறையில் மணந்திருந்தாலும் அந்த வீடு அவளுடையதாகவே நிற்கும்.

வேலையிடத்து ஓய்வூதிய நிதி உயிலுக்குக் கட்டுப்பட்டதன்று. நீங்கள் குறித்துக் கொடுத்த பெயர்களைப் பார்த்துவிட்டு, யார் உங்களை நம்பி வாழ்ந்தார்கள் என்று விசாரித்து, நிதியின் அறங்காவலர்களே பிரித்துக் கொடுப்பார்கள். வேலைக்குச் சேர்ந்தபோது அம்மாவின் பெயரைக் குறித்ததோடு அந்தப் படிவத்தை மறந்தவர்கள் ஏராளம். கல்யாணமான மாதமே புதிய படிவம் கொடுங்கள்.

கடைசி மாதமும் அந்த நாளும்

இருவரின் ஐடி, புகைப்படங்கள், முன்பு மணமுறிவு ஆகியிருந்தால் அதன் தீர்ப்பு நகல், துணையை இழந்தவரானால் இறப்புச் சான்றிதழ், கையெழுத்தான ஒப்பந்தத்தின் நகல் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, கல்யாணத்தில் ஓடியாடி அலையாத ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் இப்போது அந்த உறையை அக்காதான் வைத்திருக்கிறார். சாட்சிகள் இருவரையும் முதல் நாளே சொல்லி வையுங்கள். பந்தி நேரத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். கூடவே, ஹோம் அஃபேர்ஸ் கணக்கில் இருவரும் மணமாகாதவர்கள் என்றுதான் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்; அடையாள எண்ணைத் திருடி முன்பின் தெரியாதவரோடு கல்யாணம் பதிவு செய்த மோசடிகள் இந்நாட்டில் நடந்திருக்கின்றன. எம் என்ற ஆங்கில எழுத்தையும் உங்கள் அடையாள எண்ணையும் 32551 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பார்க்கலாம். அல்லது அலுவலகத்துக்கே போய்க் கேட்கலாம்.

பதிவேட்டில் கையெழுத்திடும்போது பெயர், பிறந்த தேதி, அடையாள எண் ஆகியவற்றை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். நாயுடு, கோவிந்தர், பிள்ளை என்று நம் குடும்பப் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் பல எழுத்துக்கூட்டல்கள் புழங்குவதால், ஐடியில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். சொத்து முறை எது என்று குறிக்கும் கட்டமும் அங்கே உண்டு. ஒப்பந்தம் செய்திருந்தால் அது சரியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து அதே குறுஞ்செய்தியை மீண்டும் அனுப்புங்கள். மணமானவர் என்று பதில் வரவில்லையென்றால், பதிவேடு இன்னும் கணினியில் ஏறவில்லை. உடனே திருமண அலுவலரிடம் போய் நில்லுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்று மாதம் முடிவதற்குள் நோட்டரியை அழைத்து, பத்திரப் பதிவகத்தின் முத்திரையும் எண்ணும் உள்ள நகலைக் கேட்டு வாங்குங்கள். வந்ததும் அதையும் சான்றிதழையும் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில், படங்களுக்கு முன்னால், வைத்துவிடுங்கள்.